பக்கம் 38: பாதியில் நகர்ந்த தாள்

15 செப்டம்பர் 1997, திங்கள்

புகை. காலை ஒன்பது மணிக்கும் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க விளக்குப் போட்ட கார்கள். ஜன்னலிலிருந்து எதிர்க்கடை மாடி தெரியவில்லை. சுமத்ராவில் காடு எரிகிறது, இங்கே என் தொண்டை.

இன்றிலிருந்து பிழைப் பட்டியல். சி.அ. உத்தரவு. சி.அ. என்றால் சிவநேசன் அங்கிள், எங்கள் நூலகக் குழுவின் செயலாளர், சிலோன் தமிழர், ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி. ஓய்வு பெற்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போல. தீபாவளிக்கு முன் குறுந்தகடு வெளியீடு. அதற்குள் 212 புத்தகங்களின் படங்களையும் ஒருவர் பார்த்து முடிக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

கணக்குக்காக: புத்தகங்கள் டெங்கில் பக்கம் வுட்ஃபீல்ட் எஸ்டேட்டுடையவை. வாசகசாலையுடையவையும் பள்ளிக்கூடத்துடையவையும். நிலம் கைமாறிவிட்டது, இடிக்கப்போகிறார்கள். முதுகை வெட்டித் தாள் தாளாக ஸ்கேன் செய்தோம். ஏப்ரல் முதல் ஜூலை வரை. செல்லரித்த தாள்கள், வைக்க இடமில்லை. ஆகஸ்டில் எல்லாம் பழைய பேப்பர் லோரியில் ஏறிப் போய்விட்டன.

இன்று கண்டவை:
— என் கட்டைவிரல்: 9
— இரண்டு தாள் ஒட்டியது: 4
— விளக்கு ஓடி முடியுமுன் தாள் நகர்ந்தது: 6
— பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிவது: எண்ணுவதை விட்டுவிட்டேன்
— பூச்சி, உயிரோடு: 1

லதா (அட்டவணை தட்டச்சு செய்பவள், தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வருபவள்) பூச்சிப் படத்தைக் கேட்டு வாங்கித் தன் கணினியில் வைத்துக்கொண்டாள். கெட்ட பக்கங்களுக்கென்றே ஒரு கோப்புறை வைத்திருக்கிறாள். பெயர் "அழகு". பிழைக்கு அழகு என்று பெயர் வைப்பவர்களோடு எப்படி வேலை செய்வது.

16 செவ்வாய்

புகை அதிகம். மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பு.

வைத்தியப் புத்தகம், எண் 94. செல் தின்ற ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து எழுத்து தெரிகிறது. முன்பக்கத்தில் ஏதோ கஷாயம். அந்தப் பெயர் இருந்த இடத்தில்தான் ஓட்டை. படத்தில் இப்படி வந்திருக்கிறது: "மூன்று நாள் வெறும் வயிற்றில் சந்திரனைச் சாப்பிடவும்."

லதா சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள். படிக்க முடியாத பக்கம், அதற்கு எதற்குச் சிரிப்பு என்றேன்.

"நீ படிச்சிட்டுத்தானே கோபப்படுற முரளி. அப்புறம் என்ன படிக்க முடியாதது?"

 பட்டியலில் சேர்த்தேன். மதியம் வேறொரு படத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கும்மிப் பாட்டுப் புத்தகம். தாள் நகர்ந்ததால் கடைசி நான்கு வரி கீழே வழிந்திருக்கிறது, கண்ணாடியில் மழைத் தண்ணீர் இறங்குவதுபோல. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வால். பிழைதான். ஆனாலும்.

வீட்டில் அம்மாவுக்குக் கடிதம். நீல ஐசி (குடிமக்களின் அடையாள அட்டை) நேர்காணல், 29ஆம் தேதி, காலை. மூன்றாவது தடவை. இந்த நாட்டில் பிறந்ததற்கு ஏதாவது ஒரு தாள் கொண்டு வரவேண்டும். போன தடவையே சொல்லி அனுப்பினார்கள், அடுத்த முறையும் ஒன்றும் இல்லையென்றால் கோப்பை மூட வேண்டியிருக்கும் என்று. பிறப்புச் சூரா, அதாவது பிறப்புச் சான்றிதழ், கிடையாது. அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. நாற்பத்தொன்பது வயது, குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு ஐசி. செந்தூலில் எங்கள் மாடியில் எல்லாரும் வோட்டுப் போடப் போகும் நாளில் அம்மா மட்டும் வீட்டில் துணி துவைப்பாள். எப்போதும் அன்றைக்குத்தான் நிறையத் துணி இருக்கும்.

18 வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் அம்மாவிடம் கேட்டேன், எந்தத் தோட்டம் என்று. சின்ன வயதிலிருந்து கேட்ட பதில்தான் வந்தது: பூனைக்கண்ணுத் தோட்டம். அங்கே ஒரு காலத்தில் பச்சைக்கண் தொரை ஒருவர் இருந்தாராம், அவரால் வந்த பெயர். இங்கிலீஷில் என்ன பெயர் என்றேன். "எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? நாங்க என்ன கடுதாசியா போட்டோம்?"

நேர்காணலில் பூனைக்கண் என்று சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு தடவையும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் மணியம் அண்ணே அலமாரி இறக்க வந்தார். லோரி ஓட்டி எல்லாத் தோட்டமும் பழகியவர். சும்மா கேட்டு வைத்தேன், பூனைக்கண்ணுத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று. அலமாரியை இறக்காமல் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி கேக்குற? ஒன் பொஸ்தகமெல்லாம் நான் எங்கேருந்து ஏத்திட்டு வந்தேன்? அதான்லா பூனைக்கண்ணு. வுட்ஃபீல்டுனு வெள்ளைக்காரன் போர்டுல எழுதுனான். எங்காளுங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

அலமாரியின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. கால்விரலில் விழுந்தது. நகம் கறுத்துவிட்டது.

நான்கு மாதம். அம்மா படித்த பள்ளிக்கூடம் என் கை வழியாகப் போயிருக்கிறது.

19 வெள்ளி

எண் 187. மாணவர் சேர்க்கைப் பதிவேடு. வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், சேர்ந்த நாள். எல்லாம் வாத்தியார் கையெழுத்தில், தமிழில். அம்மா ஏழு வயதில் சேர்ந்தாள், அப்படியென்றால் 1955 ஜனவரி.

ப.36 சரி. ப.37 சரி.

ப.38. "1955 ஜனவரி" என்று தலைப்பு. 409 முதல் 412 வரை பளிச்சென்று. 413இலிருந்து தாள் நகர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே எழுத்து இல்லை, அலைதான். சிவப்புக் கோடுகள் ஆற்று ஓரம் மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. நீல மை நடுவில் ஒரே இழுப்பாக இழுத்து, விரிந்து, கடைசியில் பறவைக் கூட்டம் திரும்புவதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

லதாவைக் கூப்பிட்டேன். பார்த்ததும் "இது எங்கிட்ட இருக்கே" என்றாள். அவளுடைய அழகுக் கோப்புறையில் முதல் படம். ஜூலையிலிருந்து.

விஷயத்தைச் சொன்னேன். அவள் கோப்புறையை மூடினாள்.  அவள் கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலைப் பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். எண் 187: ஜூலை 4, வெள்ளி, 12.40 முதல் 1.05. இயக்கியவர்: மு. சோதித்தவர்: மு. படத்தின் ஓரத்தில் உள்ளங்கை. ஈயம் பற்றவைத்துச் சுட்ட தழும்பு. என் கை. தாள் சுருண்டிருந்தது, மூடி மூடவில்லை, கையால் அழுத்திக்கொண்டேன், விளக்கு ஓடி முடிவதற்குள் உருவிவிட்டேன். ஒரு மணிக்கு பிரியாணி தீர்ந்துவிடும். ஞாபகம் இருக்கிறது.

சோதித்தது எப்படி? பத்துக்கு ஒன்று. முன்பு வேலை பார்த்த சிப் தொழிற்சாலையில் அப்படித்தான். நானே சி.அ.விடம் பெருமையாக எடுத்துச் சொல்லி இங்கே கொண்டுவந்த முறை. ப.10 திறந்தேன், ப.20, ப.30, ப.40. எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டேன். தாள்கள் போய்விட்டன.

அம்மாவிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது, உன் இஞ்சினில் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள். ஸ்கேனரை அப்படித்தான் சொல்வாள். தேடுகிறேன் என்றேன்.

20 சனி

மணியம் அண்ணே லோரியில் கிள்ளான், பழைய பேப்பர் கிடங்கு. புகையில் ஹைவேயே தெரியவில்லை, அண்ணே முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். தவ்கே, கிடங்கின் சீன முதலாளி, நல்ல மனுஷன். உள்ளே விட்டார், தேடிக்கொள் என்றார். மலை மலையாகப் பத்திரிகை. இரண்டு மணி நேரம். கட்டுக்கட்டாகப் புரட்டினேன்.

பிறகுதான் அவர் வந்து கேட்டார், எந்த மாதம் போட்டது என்று. ஆகஸ்ட் என்றேன். தலையை ஆட்டினார். ஆகஸ்ட் சரக்கு ஆகஸ்டிலேயே மில்லுக்குப் போய்விட்டதாம். இப்போது அட்டைப்பெட்டியாகி யார் வீட்டிலோ இருக்கும் என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

 திரும்பிச் செந்தூல் வந்ததும் அண்ணே, அம்மாவிடம் சொல்லிவிடு என்றார். நான் இறங்கினேன்.

22 திங்கள்

அழுதால் பக்கம் வராது. யோசித்தேன்.

படம் என்பது வரி வரியாக எடுத்தது. தாள் பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சிவப்புக் கோடே சொல்லும், அது நேராக இருந்த கோடு. ஒவ்வொரு வரியையும் அந்த அளவுக்குத் திருப்பித் தள்ளினால் எழுத்து நிற்க வேண்டும். விளக்கு போன திசையிலேயே தாளும் போன இடத்தில் ஒரே வரி பத்துத் தடவை பதிந்திருக்கும், ஒன்பதை எடுத்துவிடலாம். எதிர்த் திசையில் போன இடத்தில் வரிகள் விடுபட்டிருக்கும். அது போனது போனதுதான். கிணற்றில் போட்டது கூடத் திரும்ப வரும், அது வராது.

நிரல் எழுதினேன். காலை எட்டு முதல் மாலை ஐந்து. சாப்பிடவில்லை. கண் எரிச்சல், புகையா திரையா தெரியவில்லை.

417ஆம் வரி எழுந்து நின்றது. தகப்பனார் பெயர்: வீரன். என் தாத்தா. பிறந்த இடம்: இத்தோட்டம்.

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். ஏன் என்று தெரியாது.

பெயர்: முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் உண்டு. நடுவில் வெள்ளை. பிறந்த தேதி: முழுக்க வெள்ளை. சேர்ந்த நாள்: முழுக்க வெள்ளை. விடுபட்ட வரிகள்.

24 புதன்

செய்துவிட்டேன்.

அதே பக்கத்திலேயே வேண்டிய எழுத்தெல்லாம் கிடக்கிறது. வாத்தியார் கையெழுத்து, அதே மை, அதே தாள். 410இலிருந்து ஒரு எழுத்து. 412இலிருந்து இரண்டு. 419இலிருந்து ஒரு எழுத்து, 421இலிருந்து ஒன்று. எண்கள் ப.37இலிருந்து. ஓரத்தை மெழுகினேன். மங்கலைச் சேர்த்தேன். "வீ. லட்சுமி, த.பெ. வீரன்" என்று எழுதியிருப்பதுபோலவே இருக்கிறது. வாத்தியாரே எழுந்து வந்தாலும் இது நான் எழுதினதுதான் என்பார்.

இது வேலையில் நான் செய்ததிலேயே சுத்தமானது. அப்படித் தோன்றியதுதான் பயமாக இருக்கிறது.

லதாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். இது அழகுக் கோப்புறைக்கு ஆகாது என்றாள்.

25 வியாழன்

குழுவின் முத்திரை வேண்டும், "உண்மை நகல்" என்று. இரண்டு பக்கத்தையும் சி.அ. மேசையில் வைத்தேன், கெட்டதும் நல்லதும். எல்லாம் சொன்னேன், பிரியாணி உட்பட.

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு சிவப்புப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"தாளிலை இருந்த எழுத்து எது, நீர் வச்ச எழுத்து எது எண்டு அடையாளம் போடும் பாப்பம்."

போட்டேன். ஒன்பது இடத்தில் வட்டம். தேதி முழுக்க.

"நீர் கெட்டிக்காரன். அதுதான் எனக்குப் பயம். இதுக்கு நான் சீல் குத்த ஏலாது தம்பி."

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. உங்கள் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் அப்போதே எழுதப் படிக்கத் தெரியும், அரசாங்க வேலை, எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. எங்களுக்கு இந்த ஒரு தாள்தான் என்றேன். அதை மட்டும் எழுதுகிறேன், அது உண்மை என்பதால். ஆனால் அந்தத் தாளை அழித்தவன் நான். அதையும் அவர்தான் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

 பிறகு லதாவைக் கூப்பிட்டு மலாயில் கடிதம் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இன்ன தோட்டத்துப் பதிவேடு எங்களிடம் வந்தது. மூலத்தை நாங்களே அப்புறப்படுத்தினோம். முப்பத்தெட்டாம் பக்கம் ஸ்கேனரை இயக்கியவரின் அவசரத்தாலும் செயலாளராகிய என் கவனக்குறைவாலும் கெட்டது. 409 முதல் 412 வரை தெளிவு. 417இல் தகப்பனார் பெயரும் பிறந்த இடமும், கணினியால் வரிகளை நேராக்கிய பின் தெரிகின்றன. மற்றவை இல்லை.

மூலங்களை எறிந்ததைத் தன் கையெழுத்தில் ஒப்புக்கொள்கிறார். குழுவில் இதற்கு அவரைச் சும்மா விடமாட்டார்கள். கடிதத்துக்குச் சீல் குத்தினார், வழுவாமல், நடுவில்.

நன்றி சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

27 சனி

அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா வேலை செய்யும் கிளினிக்கில் அரை நாள். வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தவளிடம் கெட்ட பக்கத்தைக் கொடுத்தேன். நான்தான் கெடுத்தேன், மூலமும் போய்விட்டது என்றேன். ஒரே மூச்சில்.

திட்டவில்லை. அலைகளின் மேல் விரலை வைத்துத் தடவினாள். "நான் இதுக்குள்ளயா இருக்கேன்?" என்றாள். எந்த இடம் என்று காட்டினேன்.

பிறகு விரலை மேலே, தெளிவான வரிகளுக்குக் கொண்டுபோய் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். நான்கு வருஷம் படித்தவள். 411இல் நின்றாள்.

"ராக்கம்மா. சின்னப்பன் மக. அடி இவளே. ஒரே நாள்ல சேத்தாங்கடா எங்கள. இவ அப்பா பதிய வேண்டிய நேரத்துல போயிப் பதிஞ்சிட்டாரு, இவளுக்கு நீல ஐசி. பங்லிமா காராங்ல பேக்டரி கேன்டீன்ல இருக்கா. கல்யாணத்துல பாத்தேன், மூணு வருஷம் இருக்கும்."

சாட்சி. தெளிவான நான்கு வரிக்குள் உயிரோடு ஒரு சாட்சி. எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த நான்கு வரியை எழுத்து எடுக்கத்தான் பார்த்தேன்.

28 ஞாயிறு

கிள்ளான் வழியாக பஸ், தெலுக் பங்லிமா காராங். புகையில் தொழிற்சாலைப் புகை எது என்று பிரிக்க முடியவில்லை. மூன்று வீடு விசாரித்து ராக்கம்மா ஆன்டியைப் பிடித்தோம். பெரிய குரல், பெரிய உடம்பு. வாசலில் அம்மாவைப் பார்த்ததும் சொன்னது: "வாடி, என் சிலேட்டை ஒடச்சவளே. இப்பத்தான் மாத்திக் குடுக்க வரியா?"

அம்மா சிரித்தாள். இந்த மாதத்தில் முதல் தடவை.

விஷயம் கேட்டதும் ஆன்டி ஒரு நொடி யோசிக்கவில்லை. நாளைக்கு லீவு போடுகிறேன், இவள் அங்கே பிறந்ததற்கு நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன் என்றார். கோயில் வேண்டாம், கவுன்ட்டர் போதும் என்றேன். பக்கத்தைக் கேட்டு வாங்கித் தன் பெயரைப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். நம்ம பள்ளிக்கூடத்துப் புத்தகம் கிடைச்சிருச்சு என்று.

கிடைத்துவிட்டது என்று சொல்லாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

29 திங்கள்

பதிவு அலுவலகம், இலக்கம் 64. பையில் கொடுப்பதற்கு மூன்று தாள், கெட்ட பக்கத்தின் பிரதி ஒன்று தனியே. சி.அ. கடிதம், கெட்ட பக்கம், நேராக்கிய 417. நான் செய்த நல்ல பக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கிளம்பும்போது எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். அம்மா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தேன்.

அதிகாரி என் வயதுப் பெண். கடிதத்தைப் படித்தாள். கெட்ட பக்கத்தை எடுத்தாள், தூரமாக வைத்துப் பார்த்தாள், பக்கத்து மேசைப் பெண்ணிடம் திருப்பிக் காட்டினாள். "சாந்தேக்" என்றாள். அழகாம்.

பிறகு கேட்டாள், இதைக் கெடுத்தது யார். நான் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். கோப்பில் ஏதோ எழுதினாள்.

ராக்கம்மா ஆன்டி உரத்த மலாயில் சிலேட்டு உடைந்தது முதல் எல்லாம் சொன்னார். கைநாட்டு வாங்கினார்கள். அம்மாவிடமும். தாள் மூன்றையும் கோப்பில் குத்தினாள். கோப்பை மூடவில்லை. மேலிடத்துக்கு அனுப்புவார்களாம், கடிதம் வரும். எப்போது என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றாள், நல்ல விதமாகத்தான்.

வெளியே வந்தோம். படிக்கட்டுக்குக் கீழே ஆன்டி வந்த வேன். காலையில் நான் கவனிக்கவில்லை, உள்ளே ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு ஒருவர் சொல்லி, டெங்கில் வரைக்கும் போயிருக்கிறது செய்தி. எல்லார் சட்டைப் பையிலும் கையிலும் சிவப்பு ஐசி. புத்தகம் கொண்டுவந்த பையன் எது என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள்.

ஒருவர் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. புகைக்குப் போட்ட முகமூடியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, எம் பேரும் அதுல இருக்கும்ல? மாணிக்கம். அப்பா பேரு சடையன்."

எந்த வருஷம் சேர்ந்தீர்கள் என்றேன்.

"அம்பத்தஞ்சு. வரிசையில ஒங்கம்மாவுக்கு அப்புறம் நாலாவதா நின்னேன். வாத்தியாரு அந்த வரிசையிலேயேதான் எழுதுனாரு."

நாலாவது. 421. எழுத்து எடுத்த வரி. அந்த ஓர் எழுத்தைத் தவிர மீதியை நான் நேராக்கிப் பார்க்கவே இல்லை.

பையில் கெட்ட பக்கத்தின் இன்னொரு பிரதி இருந்தது. அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். மற்ற நாலு பேரும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

கொடுத்தேன்.